மணலில் கிடந்த முழங்கால்: பாலைவனங்கள் சொல்லும் திமிங்கில வரலாறு

கெய்ரோவிலிருந்து தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் போனால், எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக்குள் வாடி அல்-ஹிடான் வருகிறது. அரபுப் பெயருக்குத் 'திமிங்கிலங்களின் பள்ளத்தாக்கு' என்று பொருள். பெயரைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏதோ பிரம்மாண்டமான எலும்புக்கூடு எழுந்து நிற்கும் என்று நினைத்திருப்பார்கள். அங்கே முதலில் கண்ணில் படுவது வேறு. யாரோ ஒரு மரத்தை அறுத்து, துண்டுகளை வரிசையாகத் தரையில் போட்டுவிட்டு, எடுத்துப்போக மறந்துவிட்டதுபோல் இருக்கும். கிட்டப் போய்க் குனிந்தால்தான் அவை முள்ளெலும்புகள் என்பது புரியும். காற்றில் பறந்து வரும் மணல் மேற்பரப்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறது. வரிசை லேசாக வளைந்து, துண்டுகள் ஒரு முனையை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகின்றன. வால் அந்தப் பக்கம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வரிசைக்குச் சொந்தக்காரர் பசிலோசாரஸ். 15 முதல் 18 மீட்டர் வரை நீளம், சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலில் அதைவிடப் பெரிய வேட்டை விலங்கு கிடையாது. அதன் பெயரிலேயே ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1834இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த பெரிய முள்ளெலும்பைப் பார்த்த ரிச்சர்ட் ஹார்லன், இது கடல்வாழ் ஊர்வன ஒன்றுடையது என்று முடிவுகட்டி, 'அரசப் பல்லி' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அதன் பற்களை ஆராய்ந்தார். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்கள் இருந்தன. அது பாலூட்டியின் அடையாளம். ஓவன் 1839இல் வேறு பெயர் சூட்டிப் பார்த்தார். ஆனால் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விலங்கியலின் விதி. அதனால் ஒரு திமிங்கிலம் இன்றுவரை பல்லியின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அலபாமாவில் இதைவிட மோசம் நடந்தது. ஆல்பர்ட் கோக் என்பவர் அங்கே தோண்டியெடுத்த பசிலோசாரஸ் எலும்புகளை, ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளுடையவை என்றும் பாராமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 114 அடி நீளமுள்ள கடல் பாம்பு ஒன்றை உருவாக்கினார். 1845இல் அதை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. திமிங்கில வரலாற்றில் பெரிய எலும்புகள் எப்போதும் ஆளை மயக்கும். வழக்கைத் தீர்த்துவைப்பது பெரும்பாலும் சின்ன எலும்புகள். ஒரு பல், ஒரு செவி எலும்பு, ஒரு கணுக்கால், ஒரு முழங்கால் சில்லு. அந்தச் சின்ன எலும்புகளைத் தொலைக்காமல், இருந்த இடத்திலேயே பாதுகாத்து வைப்பதில்தான் பாலைவனங்களின் உண்மையான பெருமை இருக்கிறது என்பேன்.

வாடி அல்-ஹிடானில் திமிங்கில எலும்புகள் இருப்பது 1902-03 குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. எகிப்திய நில ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹியூ பீட்னெல் அவற்றைக் கண்டார். ஆனால் எளிதில் போய்வரக்கூடிய இடமாக அது இல்லை. 1980களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் கிஞ்சரிச்சும் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வின் சைமன்ஸும் தங்கள் குழுவோடு அங்கே இறங்கி, எலும்புக்கூடுகளின் இருப்பிடங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கியபோதுதான் அங்கே நூற்றுக்கணக்கில் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது.

1989இல் நடந்ததுதான் சுவையான கட்டம். பசிலோசாரஸின் முதுகெலும்பைக் கவனித்துக்கொண்டிருந்த கிஞ்சரிச், ஓர் இடத்தில் மட்டும் முள்ளெலும்பின் வடிவம் மாறுவதைக் கண்டார். நிலத்தில் நடக்கும் விலங்குக்கு இடுப்பு சேர்கிற இடத்தை அது நினைவூட்டியது. அப்படியானால் பின்னங்கால் என்று ஒன்று இருந்திருந்தால் அது இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்க வேண்டும். எலும்புகள் சிதறாமல் வரிசை குலையாமல் கிடந்ததால், அந்த இடத்தை அளந்து குறித்துத் தேட முடிந்தது. ஒரு எலும்புக்கூட்டில் தொடை எலும்பு கிடைத்தது. பிறகு முழங்கால் சில்லு. களப்பணி முடியும் தறுவாயில் விரல் எலும்புகளும் கிடைத்தன. 15 மீட்டருக்கு மேல் நீண்ட உடலில், மனிதனின் காலைவிடக் குட்டையான இரண்டு கால்கள். முழங்கால் மடங்கும், கணுக்கால் உண்டு, விரல் உண்டு. ஆனால் அந்த உடலைத் தாங்கி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. இடுப்பெலும்பும் முதுகெலும்போடு சேராமல் தனியாக நின்றுவிட்டது. இணைசேரும்போது பற்றிக்கொள்ளப் பயன்பட்டிருக்கலாம் என்று 1990இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது. நடப்பதற்கு உதவாத காலுக்கு வேறு என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்தால், அந்த ஊகம் அவ்வளவு வினோதமாகப் படவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். கடல் விலங்கின் வரலாற்றை ஏன் மழையே காணாத இடங்களில் தேடுகிறார்கள்?

எலும்பு புதைந்ததற்கும் பாலைவனத்துக்கும் சம்பந்தம் இல்லை. திமிங்கிலங்கள் இறந்த காலத்தில் அங்கே ஆழம் குறைந்த கடல்தான் இருந்தது. இன்றைய மத்தியதரைக் கடலைவிட மிகப் பரந்திருந்த டெதிஸ் என்ற பழங்கடலின் தென்கரை அது. பள்ளத்தாக்கிலேயே அலையாத்தி மரங்களின் வேர்கள் கல்லாகி நிற்கின்றன. கரை எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. தரையெங்கும் நாணயம்போல வட்டமாகக் கிடப்பவை நும்முலைட் எனப்படும் ஒற்றைச் செல் கடல் உயிரிகளின் கூடுகள். கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கல்லும் இந்தக் கூடுகளால் நிறைந்ததுதான். பிரமிடுகளின் அடியில் பருப்புபோலக் கிடந்த கற்களைப் பார்த்த கிரேக்கப் பயணி ஸ்ட்ராபோவிடம், வேலையாட்கள் தின்று மிச்சம் வைத்த சாப்பாடு கல்லாகிவிட்டது என்று சொன்னார்களாம். 

கடல் வடக்கே பின்வாங்கியது. வண்டல் இறுகிப் பாறையானது. இதுவரை நடந்தது உலகின் எத்தனையோ இடங்களில் நடந்ததுதான். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. மழை பெய்யும் நாட்டில் அந்தப் பாறைமேல் மண் சேரும், புல் முளைக்கும், காடு மூடும், வயல் வரும், ஊர் வரும். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பாலைவனத்தில் மூடுவதற்கு ஆளில்லை. காற்று மென்மையான மணற்கல்லை அரித்து எடுத்துப்போகிறது. அதைவிடக் கெட்டியான எலும்பு மேலே நிற்கிறது. அடுக்குகள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருப்பதால், ஒரே காலத்துக் கடலடி கிலோமீட்டர் கணக்கில் விரித்துப் போட்ட பாய்போலத் திறந்து கிடக்கிறது.

ஆனால் காற்று யாருக்கும் காவலாளி அல்ல. இன்று எலும்பை வெளியே எடுத்துக்காட்டும் அதே மணற்காற்று, விட்டுவைத்தால் நாளை அதைத் தூளாக்கும். எலும்பின் துளைகளுக்குள் உப்பும் ஜிப்சமும் படிகமாக வளர்ந்து உள்ளிருந்தே பிளக்கின்றன. ஆக, நாம் பார்ப்பது ஏற்கெனவே தேய்ந்து முடிந்தவற்றுக்கும் இன்னும் மறைந்திருப்பவற்றுக்கும் நடுவே, இந்தக் கணத்தில் தலைநீட்டும் சிலவற்றை மட்டும்தான். வாடி அல்-ஹிடான் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2016இல் அங்கேயே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

வாடி அல்-ஹிடான் கதையின் பின்பாதி. அங்கே கிடப்பவை கால் சிறுத்து, முழுக்கக் கடலுக்கே ஆகிவிட்ட விலங்குகள். முன்பாதி கிழக்கே, பாகிஸ்தானின் வறண்ட குன்றுகளிலும் இந்தியாவின் கட்ச் பகுதியிலும் ஜம்மு மலையடிவாரத்திலும் கிடக்கிறது.

1981இல் கிஞ்சரிச்சும் டொனால்ட் ரசலும் பாகிசீட்டஸ் என்று பெயரிட்ட விலங்கு, பாகிஸ்தானின் கோஹாட் பகுதியில் கிடைத்த ஒரு மண்டையோட்டின் பின்பகுதி. சுமார் 5 கோடி ஆண்டுப் பழமை. அளவில் ஓநாயை ஒத்தது; படிந்திருந்த வண்டலோ ஆற்று வண்டல். இதைத் திமிங்கிலம் என்று சொல்ல வைத்தது செவி. நடுச்செவியைச் சுற்றியிருக்கும் எலும்புக் கிண்ணத்தின் உட்புற விளிம்பு, மற்றப் பாலூட்டிகளில் மெல்லியதாக இருக்கும். திமிங்கிலங்களில் மட்டும் அது தடித்து, கனத்து, உதடுபோல மடிந்திருக்கும். பாகிசீட்டஸில் அந்தத் தடிப்பு இருந்தது. உடல் நிலத்தில், செவி மட்டும் திமிங்கிலம்.

மிச்ச உடம்பு கிடைக்காத நிலையில், 1983இல் 'சயின்ஸ்' இதழின் அட்டையில் பாகிசீட்டஸ் தண்ணீருக்குள் மீனைத் துரத்தும் விலங்காக வரையப்பட்டது. பின்னாளில் உடல் எலும்புகள் கிடைத்தபோது நீண்ட, ஒல்லியான, நிலத்தில் நடக்கும் நான்கு கால்கள் இருந்தன. அட்டைப்படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த எலும்பைத் தாண்டிக் கற்பனை எவ்வளவு தூரம் ஓடிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

1994இல் தொல்லுயிரியலாளர் ஹான்ஸ் தெவிசனின் குழு அறிவித்த அம்புலோசீட்டஸ் அடுத்த கட்டம். பாகிஸ்தானின் காலா சிட்டா குன்றுகளில் கிடைத்தது. முதலைபோல நீண்ட தலை, குட்டைக் கால்கள், பெரிய பின்பாதங்கள். நடக்கவும் நீந்தவும் முடிந்த, இரண்டையும் அரைகுறையாகச் செய்த விலங்கு. கட்ச் பகுதியில் கிடைத்த ரெமிங்டனோசீட்டஸ், குட்சிசீட்டஸ் போன்றவை நீண்ட மூஞ்சியும் சிறிய கண்களும் கொண்டவை. கலங்கிய கரையோர நீரில் வாழ்ந்தவையாக இருக்க வேண்டும். கட்ச் பகுதியின் புதைபடிவங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்தவர்களில் ரூர்க்கி ஐஐடியின் சுனில் பாஜ்பாய் முக்கியமானவர். இந்தப் புதைபடிவங்கள் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

திமிங்கிலம் எந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்தது என்ற சண்டை இருபது ஆண்டுகள் நடந்தது. எலும்பு படித்தவர்கள், பற்களின் ஒற்றுமையை வைத்து, அழிந்துபோன மெசோனிக்கிட் எனப்படும் ஊனுண்ணிகளைக் கைகாட்டினார்கள். மரபணு படித்தவர்களோ, இன்று உயிரோடிருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்றார்கள். நீர்யானை என்றால் மாடு, ஆடு, மான், ஒட்டகம் எல்லாம் சேர்ந்த இரட்டைப்படைக் குளம்பி வகை. எலும்புக்காரர்கள் சிரித்தார்கள். 2001 செப்டம்பரில் சிரிப்பு நின்றது.

தீர்ப்பு சொன்னது கணுக்கால். ஆடு, மாட்டின் பின்னங்காலில் ஒரு சிறிய எலும்பு உண்டு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மேல்புறம் கிணற்றுக் கப்பிபோல் ஒரு வடிவம், கீழ்ப்புறமும் அதேபோல் ஒன்று. நடுவில் இடுப்பு ஒடுங்கியதுபோல் இருக்கும். பாதம் முன்னும் பின்னும் மட்டும் மடங்கும், பக்கவாட்டில் பிசகாது. வேகமாக ஓடுவதற்கு ஏற்ற கீல் அது. பண்டைய உலகின் பல பகுதிகளில் இதைத்தான் பகடையாக உருட்டினார்கள். இரட்டைக் கப்பி உள்ள கணுக்கால் எலும்பு இரட்டைப்படைக் குளம்பிகளைத் தவிர வேறு எந்த விலங்குக்கும் இல்லை. 2001இல் கிஞ்சரிச் குழு பலுசிஸ்தானிலிருந்து எடுத்த ஆர்ட்டியோசீட்டஸ், ரோடோசீட்டஸ் என்ற இரண்டு பழைய திமிங்கிலங்களின் காலிலும் அந்த இரட்டைக் கப்பி இருந்தது. அதே வாரத்தில் தெவிசன் குழுவும் பாகிசீட்டஸ் வகையின் உடல் எலும்புகளிலிருந்து அதையே சொன்னது. மெசோனிக்கிட் கட்சியின் நெடுநாள் ஆதரவாளரான கிஞ்சரிச், தன் கையில் இருந்த எலும்பைப் பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரு துறையின் ஆரோக்கியத்தை இப்படிப்பட்ட இடங்களில்தான் பார்க்கலாம்.

இந்தியப் பக்கத்துக் கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. ஏ. ரங்கா ராவ் என்ற புவியியலாளர் ஜம்மு பகுதியின் காலாகோட்டில் புதைபடிவப் பாறைகளைச் சேகரித்தவர். 1971இல் இண்டோஹியஸ் என்ற சிறு விலங்குக்குப் பெயர் வைத்தவர். பாறைகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அவற்றைத் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்தபோது செவி எலும்பு தவறிப்போய் உடைந்தது. உடைந்த குறுக்குவெட்டில் தெரிந்தது அதே தடித்த உதடு. திமிங்கிலங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த அடையாளம், பூனை அளவிலான, குளம்புள்ள ஒரு தாவரவுண்ணியிடம் இருந்தது.

2007 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வு, இண்டோஹியஸின் கால் எலும்புகளின் சுவர் மிகத் தடிப்பாக இருப்பதையும் காட்டியது. நீர்யானைபோல நீரடியில் காலூன்றி நடக்க உதவும் கனம் அது. உருவத்தில் நம் சருகுமானை நினைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவின் நீர்ச் சருகுமான் ஆபத்து வந்தால் இன்றும் ஓடிப்போய்த் தண்ணீருக்குள் மூழ்கி ஒளிந்துகொள்கிறது. திமிங்கிலத்தின் முன்னோர் தண்ணீரில் இறங்கியது முதலில் உணவுக்காக அல்ல, ஒளிந்துகொள்வதற்காக என்பது தெவிசனின் வாதம். இண்டோஹியஸ் வாழ்ந்தது பாகிசீட்டஸுக்கு முன்னால் அல்ல. எனவே இது பாட்டன் அல்ல, பாட்டனின் சாயலை வைத்திருக்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளை. திமிங்கில வரிசையில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் இது பொருந்தும். ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் படங்கள் வசதிக்காக வரைந்தவை.

இத்தனைக்கும் நிலத்து முத்திரை இன்றைய திமிங்கிலத்திலும் அழியவில்லை. மீன் உடலை இடமும் வலமுமாக வளைத்து நீந்தும். திமிங்கிலம் வாலை மேலும் கீழும் அடிக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் பாலூட்டியின் முதுகும் மேலும் கீழுமாகத்தான் வளைகிறது. ஓடிய முதுகு அதே அசைவை நீருக்குள் கொண்டுபோயிருக்கிறது.

எகிப்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு விலங்கும் நிறையக் கிடக்கிறது: டோருடான். சுமார் 5 மீட்டர் நீளம். இன்றைய திமிங்கிலங்களின் வழிக்குப் பசிலோசாரஸைவிட நெருக்கமானது. டோருடான் குட்டிகளின் மண்டையோடுகள் சிலவற்றில் ஆழமான பல் தடங்கள் இருக்கின்றன. பல் யாருடையது என்ற சந்தேகத்தை 2019இல் வெளியான ஆய்வு தீர்த்தது. ஒரு பசிலோசாரஸின் வயிறு இருந்திருக்க வேண்டிய இடத்தில், கடித்து நொறுக்கிய டோருடான் குட்டிகளின் எலும்புகளும் பெரிய மீன்களின் எச்சங்களும் இருந்தன. டோருடான்கள் குட்டி போட வந்த ஆழமில்லாத வளைகுடா, பசிலோசாரஸுக்கு வேட்டைக் களம். எலும்புகள் ஒன்றுகலந்து உருண்டோடியிருந்தால் 'வயிறு இருந்த இடம்' என்று ஒன்றைச் சுட்டியிருக்கவே முடியாது.

வாடி அல்-ஹிடான் அமைந்திருக்கும் ஃபயூம் பகுதியில் இப்போது தேடுகிறவர்களில் எகிப்தியர்களே முன்னணியில் இருக்கிறார்கள். மன்சூரா பல்கலைக்கழகத்தின் ஹெஷாம் சல்லாம் குழு 2021இல் 4.3 கோடி ஆண்டுப் பழமையான ஃபியோமிசீட்டஸ் அனூபிஸ் என்ற நாலுகால் திமிங்கிலத்தை அறிவித்தது. 2023இல் வெறும் 2.5 மீட்டர் நீளமுள்ள டுட்சீட்டஸை அறிவித்தது. ஒரு நூற்றாண்டாக வெளிநாட்டார் எடுத்து, வெளிநாட்டார் பெயரிட்ட மண்ணில் இது சிறிய மாற்றம் அல்ல.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பாலைவனத்துக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள உறவு இன்னும் இறுக்கமானது. பெருவின் கரையோரம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் சத்து அதிகம். நுண்ணுயிர் பெருகி, மீன் பெருகி, திமிங்கிலமும் வரும். அதே குளிர்ந்த நீர் மேலிருக்கும் காற்றைக் குளிர்வித்து, மேகம் எழும்பி மழையாகாமல் தடுக்கிறது. கடலைச் செழிக்க வைப்பதே கரையை வறளவும் வைக்கிறது. கூடவே நாஸ்கா என்ற கடலடிப் புவித்தட்டு கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருப்பதால் பழைய கடலடி மேலே உயர்ந்திருக்கிறது.

பெருவின் பிஸ்கோ படுகையில் 2019இல் அறிவிக்கப்பட்ட பெரகோசீட்டஸ் நாலுகால் திமிங்கிலம். 4.26 கோடி ஆண்டுப் பழமை, 4 மீட்டர் நீளம், விரல் நுனிகளில் சிறு குளம்புகள். ஆசியாவில் தொடங்கிய கூட்டம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வழியாக, இன்றைய அளவில் கிட்டத்தட்டப் பாதியே இருந்த அட்லாண்டிக்கைக் கடந்து, நடக்கும் கால் இருக்கும்போதே அமெரிக்கா சேர்ந்துவிட்டது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 2010இல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது செர்ரோ பாலேனா என்ற புதைபடிவக் களம் வெளிப்பட்டது. சாலைப்பணி காத்திருக்காது என்பதால் தொல்லுயிரியலாளர் நிக்கோலஸ் பையன்சனின் குழு எலும்புக்கூடுகளை அகற்றுமுன் கிடந்த நிலையிலேயே முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தது. 40க்கும் மேற்பட்ட கடல் பாலூட்டிகள்; நான்கு வெவ்வேறு அடுக்குகளில்; பலவும் மல்லாந்த நிலையில், குட்டியும் பெரியதுமாக. ஒரே விபத்து என்றால் ஒரு அடுக்கு போதும். நான்கு முறை திரும்பத் திரும்ப நடந்திருப்பதால், நச்சுப் பாசிப் பெருக்கம் கடலிலேயே அவற்றைக் கொன்று கரையில் ஒதுக்கியிருக்க வேண்டும் என்று 2014இல் முடிவுக்கு வந்தார்கள். எந்த எலும்பு என்பதைவிட எப்படிக் கிடந்தது என்பதே இங்கே சாட்சி.

பெருவிலிருந்தே 2023இல் வந்தது பெருசீட்டஸ் என்ற பழந்திமிங்கிலம். 3.9 கோடி ஆண்டுப் பழமை. மாரியோ உர்பினா இக்கா பாலைவனத்தில் கண்டெடுத்த இந்த விலங்கின் ஒவ்வொரு முள்ளெலும்பும் 100 கிலோவுக்கு மேல். கையில் இருப்பது 13 முள்ளெலும்புகள், நான்கு விலா எலும்புகள், இடுப்பெலும்பின் ஒரு பகுதி. அதை வைத்து உடல் எடை 85 முதல் 340 டன் வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிய விலங்கு என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2024 தொடக்கத்தில் ரியோசுகே மோட்டானியும் பையன்சனும் கணக்கை மறுபடி போட்டு, 60 முதல் 114 டன் வரைதான் வரும் என்றார்கள். எலும்பு கனமாக இருந்தால் உடலும் அதே விகிதத்தில் கனக்க வேண்டும் என்பதில்லை. கடற்பசுக்களுக்கும் எலும்பு கனம்தான், மிதக்காமல் அடியில் மேய்வதற்காக.

பெருசீட்டஸ் எதைத் தின்றது என்பதிலும் இதே இழுபறி. கடற்புல் மேய்ந்தது, அடியில் கிடந்த நத்தை சிப்பிகளைத் தின்றது, பிணங்களைத் தின்றது என்று ஊகங்கள் உண்டு. டன் கணக்கில் எலும்பு கையில் இருக்கிறது. தலை கிடைக்கவில்லை, ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை.